தோட்டா நிரப்பக் கற்க யாரிடம் போவது?

கேள்வி: ஓஹியோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்குச் சற்று வெளியே வசிக்கிறேன். கிரீன் கார்டு வந்தபிறகு அலுவலக நண்பர் ஒருவர் கூட்டிப்போய் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் சேர்த்துவிட்டார். .38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்று வாங்கி, சனிக்கிழமைகளில் காகித இலக்குகளைச் சுட்டுப் பழகுகிறேன். கைக்கு நிதானம் வந்திருக்கிறது, ஆனால் தோட்டாச் செலவு கையைக் கடிக்கிறது. கிளப்பில் பலர் சுட்டு முடித்த காலிக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டுபோய் வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். எனக்கும் அதைக் கற்க ஆசை. வீடியோக்கள் நிறையப் பார்த்துவிட்டேன். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கிறார், குழப்பம்தான் மிச்சம். பக்கத்தில் அனுபவசாலி யாராவது கிடைத்தால் கூட உட்கார்ந்து கற்கலாம் என்று தோன்றுகிறது. அப்படி ஒருவரை எங்கே தேடுவது? எப்படிக் கேட்பது? அவர் சரியான ஆள்தானா என்று புதியவனான எனக்கு எப்படித் தெரியும்? மனைவிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. எட்டு வயதில் பையன் இருக்கிறான்.

பதில்: நல்ல வரிசையில் தொடங்குகிறீர்கள். பலர் முந்நூறு, நானூறு டாலர் கொடுத்து முழு செட்டையும் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் யாரைக் கேட்பது என்று யோசிக்கிறார்கள். நீங்கள் இன்னும் எதையும் வாங்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். வாங்கவேண்டாம். யாரிடம் கற்கிறீர்களோ அவருடைய கருவியில் கை பழகட்டும். எது தேவை, எது தேவையில்லை என்பது தானாகத் தெரியவரும்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரிடம் கற்பது என்ற கேள்விக்கு விடையே அதிலிருந்துதான் வருகிறது. வேலை என்னவோ எளிது. சுட்ட கூட்டைச் சுத்தம் செய்து, டை என்கிற எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, எரிந்த ப்ரைமர் என்கிற பற்றவைப்பானைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்தி, வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே குண்டை வைத்து அழுத்தினால் தோட்டா தயார். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் கைவேலை என்பதால்தான் கவனம் நழுவுகிறது.

உங்கள் .38 ஸ்பெஷலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1898இல் வந்த தோட்டா அது. அன்றைய கருமருந்துக்கு நிறைய இடம் தேவைப்பட்டது, கூட்டையும் அதற்கேற்ப நீளமாக வைத்தார்கள். இன்றைய புகையில்லா மருந்து அந்தக் கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும், மேலே வெறும் இடம். தவறுதலாக ஒரு கூட்டில் இரண்டு முறை மருந்து விழுந்தாலும் வழியாது. குண்டும் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்துகொள்ளும். முடிந்த தோட்டாவை வெளியிலிருந்து பார்த்தால் மற்றவற்றுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ இந்தத் தோட்டாவுக்கு வைத்திருக்கும் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. இரட்டை மருந்து அதை எங்கேயோ தாண்டிப்போய் ரிவால்வரின் சிலிண்டரையே பிளந்துவிடும். பிடித்திருப்பது உங்கள் கை, பக்கத்து மேடையில் நிற்பது இன்னொருவர்.

மருந்தே விழாமல் போனாலும் அதே அளவு ஆபத்துதான். ப்ரைமரின் உந்துதல் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவழியில் நிறுத்திவிடும். ‘டமார்’ என்று கேட்கவேண்டிய இடத்தில் ‘பொத்’ என்று ஒரு சத்தம். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். அந்தச் சத்தம் கேட்ட நொடியில் விரலை எடுத்து, துப்பாக்கியைக் காலி செய்து, குழலுக்குள் கம்பி விட்டுப் பார்க்கவேண்டும். இது சுடுதளத்தில் ஒருவர் உங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்துப் பழகவேண்டிய விஷயம்.

ஆக, நீங்கள் தேடவேண்டியது வேகமாகத் தோட்டா செய்யத் தெரிந்தவரை அல்ல. தான் செய்ததையே நம்பாமல் திரும்பப் பார்க்கிறவரைத் தேடுங்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஐம்பது குழி கொண்ட பலகையில் கூடுகளை நிறுத்தி மருந்து போட்டு முடித்ததும் ஒரு குண்டைக்கூடத் தொடமாட்டார். மேசை விளக்கை இழுத்துச் சாய்த்து, வெளிச்சம் கூட்டுக்குள் நேராக இறங்கும்படி வைத்து, வரிசை வரிசையாக விரலால் தொட்டுக்கொண்டே உள்ளே பார்ப்பார். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று கண்ணால் ஒப்பிடுவார். ஏதாவது ஒன்றில் மட்டம் சந்தேகமாகத் தெரிந்தால் அதை மட்டும் தனியாக எடுத்துக் கொட்டித் தராசில் நிறுப்பார். யாராவது கதவைத் தட்டினாலோ போன் அடித்தாலோ கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு, திரும்பி வந்ததும் வரிசையின் முதல் கூட்டிலிருந்து மறுபடி பார்ப்பார். தராசைத் தொடும் முன் மின்விசிறியை நிறுத்துவார், காற்று பட்டால் முள் ஆடும் என்று. புத்தகத்திலும் இதெல்லாம் எழுதியிருக்கிறது. ஆனால் ஒரு மனிதர் ஒவ்வொரு முறையும் அலுக்காமல் அதைச் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அது நம் கைக்குள் இறங்குகிறது.

எங்கே தேடுவது? உங்கள் கிளப்பிலேயே தொடங்குங்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் தேடாதீர்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்தாவது வார நாளின் காலையில் போங்கள். ஓய்வுபெற்றவர்கள் அப்போதுதான் வருவார்கள். அவர்களில் யார் தான் சுட்ட கூடுகளை மட்டும் எண்ணிப் பொறுக்குகிறார், யார் ஒரு சின்ன நோட்டில் ஏதோ குறித்துக்கொள்கிறார் என்று பாருங்கள். 25 கஜம், 50 கஜத்தில் ஒற்றைக் கையால் நிதானமாகச் சுடும் புல்ஸ்ஐ போட்டிக்காரர்கள் உங்கள் கிளப்பில் இருந்தால் அதிர்ஷ்டம்தான். அவர்களில் பலருக்கு .38 ஸ்பெஷல் நிரப்புவது கைவந்த கலை. ஓய்வுபெற்ற இந்தத் தலைமுறையில் பலரும் 1958இல் விஸ்கான்சினில் தொடங்கிய லீ நிறுவனத்தின் சின்னக் கைக்கருவியையும் ஒரு சுத்தியலையும் வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் கற்றவர்கள். அவசரமே தெரியாதவர்கள்.

கிளப்பில் ஆள் அமையாவிட்டால் தேசியத் துப்பாக்கிச் சங்கமான என்ஆர்ஏவின் அங்கீகாரம் பெற்ற பயிற்றுநர்கள் நடத்தும் உலோகத் தோட்டா நிரப்பும் வகுப்பில் சேருங்கள். பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். அடிப்படை வரிசையும் பாதுகாப்பு விதிகளும் சீராகக் கிடைக்கும். அந்த அமைப்பின் அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம், வகுப்பு வகுப்புதான். வகுப்பு முடிந்ததும் பயிற்றுநரிடம், ‘என் ஊர்ப் பக்கம் நிதானமாகச் செய்கிற ஆள் யாராவது இருக்கிறாரா?’ என்று கேளுங்கள். வகுப்புக் கட்டணத்தைவிட அந்தப் பதில் மதிப்புள்ளதாக இருக்கலாம். ரீலோடிங் எனப்படும் இந்தத் தோட்டா நிரப்பும் வேலைக்கான சாமான் விற்கும் கடை ஒன்று பக்கத்தில் இருந்தால் கவுன்டரில் நிற்கும் மூத்தவரிடமும் இதையே கேட்கலாம். யார் எந்த மருந்தை எத்தனை வருடமாக வாங்குகிறார் என்பது அவருக்குத் தெரியும்.

ஓஹியோவில் இருப்பது உங்களுக்கு ஒரு கொடுப்பினை. அமெரிக்காவின் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகள் 1907 முதல் நடந்துவரும் கேம்ப் பெர்ரி உங்கள் மாநிலத்திலேயே, ஈரி ஏரிக்கரையில், போர்ட் கிளின்டன் பக்கத்தில் இருக்கிறது. கொலம்பஸிலிருந்து காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம். போட்டிகளை நடத்தும் சிஎம்பி அமைப்பு, 1903இல் அமெரிக்க நாடாளுமன்றம் தொடங்கிவைத்த பயிற்சித் திட்டத்தின் வழிவந்தது. அதோடு இணைந்த கிளப்புகள் மாநிலம் முழுக்க உண்டு. கோடையில் ஒரு நாள் அங்கே போய்ச் சும்மா வேடிக்கை பாருங்கள். தோட்டாப் பெட்டியில் தேதியும் மருந்தின் பெயரும் எடையும் எழுதிய சீட்டு ஒட்டி வைத்திருக்கும் மனிதர்களை ஒரே இடத்தில் அவ்வளவு பேராக வேறெங்கும் பார்க்கமுடியாது.

தட்டு சுடும் ட்ராப் கிளப்புகளிலும் நிரப்புகிறவர்கள் நிறைய. ஆனால் அவர்கள் நிரப்புவது ஷாட்கன் தோட்டா. கருவியும் முறையும் வேறு. நட்புக்குப் போகலாம், உங்கள் ரிவால்வருக்கு அங்கே பாடம் கிடைக்காது.

கேட்கும் விதத்துக்கு வருகிறேன். ‘எனக்கு ரீலோடிங் சொல்லிக்கொடுப்பீர்களா?’ என்று நேராகப் போய் நிற்காதீர்கள். பெரிய பொறுப்பைத் தலையில் வைப்பதுபோல் ஆகிவிடும், நல்லவர்கள்தான் முதலில் தயங்குவார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் கையில் வெடிமருந்து விஷயத்தை ஒப்படைக்க அவர்களுக்கு மனம் வராது, வரவும் கூடாது. ‘அடுத்தமுறை நீங்கள் நிரப்பும்போது ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா? எதையும் தொடமாட்டேன்’ என்று கேளுங்கள். இதற்கு மறுப்பவர்கள் குறைவு. அதற்கு முன்பே உங்களை அவர் கொஞ்சம் பார்த்திருக்கவேண்டும். கிளப்புகளில் புல் வெட்டவும் இலக்குச் சட்டம் சரிசெய்யவும் வருடத்துக்கு ஓரிரண்டு உழைப்பு நாட்கள் வைப்பார்கள். தவறாமல் போய் நில்லுங்கள். யார் சொல்பேச்சைக் கேட்கிறான், யார் விளையாட்டுப்பிள்ளை என்று பெரியவர்கள் அங்கேதான் எடைபோடுகிறார்கள்.

அங்கே எழுபது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டியிருக்கும். நமக்கு நாக்கு கூசும். ‘சார்’ போட்டே பேசுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். காசு கொடுத்தால் பெரும்பாலும் வாங்கமாட்டார்கள். அவர் பயன்படுத்தும் அளவில் சுத்தமான காலிக் கூடுகளைச் சேர்த்துப் பிரித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள், முகம் மலரும். பிரிக்கும்போது நீங்களும் கற்பீர்கள். காந்தம் ஒட்டினால் எஃகுக் கூடு, ஒதுக்கிவிடலாம். .357 மேக்னம் கூடு உங்கள் .38 கூட்டைவிட ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம் நீளம். 1935இல் அதைக் கொண்டுவந்தபோது பழைய .38 துப்பாக்கியில் நுழையக்கூடாது என்றே நீட்டினார்கள். அதன் அழுத்த வரம்பு 35,000 பவுண்டு, உங்களுடையதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஒன்றுக்கான மருந்து அளவு இன்னொன்றில் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு கூடுகளையும் பக்கத்தில் நிறுத்திக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

சரியான ஆள்தானா என்பதைப் புதியவராகிய நீங்களே கண்டுபிடிக்கலாம். அதற்கு ரீலோடிங் தெரிந்திருக்கவேண்டியதில்லை, முதல் நாள் அவர் மேசையைப் பார்த்தால் போதும். மேசைமேல் மருந்து டப்பா ஒன்றே ஒன்று இருக்கவேண்டும். இரண்டு திறந்திருந்தால் வேலை முடிந்து மிச்சத்தைத் திரும்பக் கொட்டும்போது எது எதில் போனது என்று யாரும் உறுதி சொல்லமுடியாது. பெயர் இல்லாத டப்பா இருந்து, ‘நிறத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்’ என்று அவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். வேகமாக எரிவதும் மெதுவாக எரிவதும் கண்ணுக்கு ஒரே மாதிரிக் கறுப்புத் துணுக்குகளாகத்தான் இருக்கும். ப்ரைமர்களை அவை வந்த அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கண்ணாடி ஜாடியில் மொத்தமாகக் கொட்டி வைத்திருந்தால் அதற்குமேல் அந்த அறையிலேயே நிற்கவேண்டாம். தயாரிப்பாளர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பள்ளத்தில் அடுக்கி அனுப்புவது, ஒன்று வெடித்தால் மற்றவையும் சேர்ந்து வெடிக்கக்கூடாது என்பதற்காக.

கண்ணாடி அணிகிறாரா, டிவி ஓடுகிறதா, பக்கத்தில் பியர் இருக்கிறதா என்பதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். அதைவிட முக்கியம், அளவைச் சொல்லும்போது புத்தகத்தைத் திறக்கிறாரா என்பது. நாற்பது வருடமாக ஒரே அளவைப் போடுகிறவரும் பக்கத்தைத் திறந்து விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தராசுக்குப் போகவேண்டும். நம் வீட்டுச் சமையலில் கண்ணளவும் கையளவும் பெருமை, இங்கே அது விபத்து. ‘புத்தகத்தில் போட்டிருப்பது பயந்தாங்கொள்ளி அளவு, இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம்’ என்கிறவர் எவ்வளவு நல்ல சுடுநராக இருந்தாலும் உங்களுக்கு ஆசான் அல்ல. அதேபோல முதல் சந்திப்பிலேயே அன்பாகத் தன் தோட்டாக்களை ஒரு கைப்பிடி எடுத்து, ‘சுட்டுப் பாருங்கள்’ என்று கொடுப்பவரும். நல்ல மனிதராக இருக்கலாம். ஆனாலும் பிறர் நிரப்பியதைச் சுடுவதில்லை, தான் நிரப்பியதைப் பிறருக்குக் கொடுப்பதில்லை என்பது இந்தக் கைத்தொழிலில் பழகியவர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட விதி. அவர் துப்பாக்கிக்குப் பொருந்தியது உங்கள் துப்பாக்கிக்குப் பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது.

ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ‘சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள்?’ நல்ல ஆசானிடம் பதில் ஆயத்தமாக இருக்கும். குண்டை இழுத்துப் பிரிக்கும் பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்துக் காட்டுவார். அது வேலை செய்து தேய்ந்திருந்தால் அவரை நம்பலாம். சந்தேகப்பட்ட தோட்டாவைப் பிரிக்கச் சோம்பல்படாதவர் என்று பொருள்.

அவரிடம் போகும் முன் ஒரு புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டுப் போங்கள். லைமன் கையேடு பல நிறுவனங்களின் குண்டுகளுக்கும் மருந்துகளுக்கும் அளவு தருவதால் தொடக்கத்துக்கு ஏற்றது. ஹார்னடி நிறுவனமும் தன் குண்டுகளுக்கு நல்ல கையேடு போடுகிறது. பின்பாதியில் இருக்கும் அட்டவணைகளை விடுங்கள். முன்பாதியில் உள்ள விளக்க அத்தியாயங்களை இரண்டு முறையாவது படியுங்கள். அப்போதுதான் மேசையில் உங்கள் கேள்வி சரியான கேள்வியாக இருக்கும், அவருக்கும் சொல்லிக்கொடுக்க உற்சாகம் வரும். மருந்தின் பெயரை முழுதாகப் படிக்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள். ஹெச் 4895 ஒன்று, ஐஎம்ஆர் 4895 வேறொன்று. எண் ஒன்றுதான், எரியும் வேகம் ஒன்றல்ல, அளவும் ஒன்றல்ல. இவை ரைபிள் மருந்துகள், உங்கள் ரிவால்வருக்கு வேண்டியவை அல்ல. ஆனால் பாதிப் பெயரோடு கடைக்குப் போகிறவர் என்றாவது ஒருநாள் தவறான டப்பாவோடு வருவார். வீடியோவிலும் நண்பர் வாயிலும் கேட்ட அளவை எந்தச் சூழ்நிலையிலும் தராசுக்குக் கொண்டுபோகாதீர்கள். அச்சிட்ட கையேடு அல்லது மருந்து தயாரிப்பாளரின் அளவு, முடிந்தால் இரண்டையும் ஒப்பிட்டு, குறைந்த அளவிலிருந்து தொடங்குவது. இதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை.

கற்கும் நாட்களில் ஒற்றை நிலை பிரஸ் எனப்படும், ஒருமுறை கைப்பிடியை இழுத்தால் ஒரே வேலை செய்யும் கருவியில்தான் கற்கவேண்டும். அவரிடம் ஒரே இழுப்பில் நாலைந்து வேலைகளை முடித்து மணிக்கு நானூறு தோட்டா தள்ளும் இயந்திரம் இருக்கலாம். அதைப் பார்த்து மயங்காதீர்கள். தனித்தனியாகச் செய்யும்போதுதான் ஒவ்வொரு நிலையிலும் கூடு எப்படி மாறுகிறது, ப்ரைமர் சரியாக உட்கார்ந்தால் விரல் நுனிக்கு எப்படித் தெரிகிறது என்பது புரியும். .38 ஸ்பெஷல் இதற்கு மிக நல்ல தோட்டா. நேர்ச்சுவர்க் கூடு, குறைந்த அழுத்தம், கார்பைடு டை போட்டால் எண்ணெய் தடவும் வேலைகூட இல்லை. முதல் சில முறை நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும். நீங்கள் நிரப்பிய முதல் பெட்டியைச் சுடும்போது அவர் சுடுதளத்தில் உங்களுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். காலிக் கூடுகளில் ப்ரைமர் எப்படித் தட்டையாகியிருக்கிறது, புகைக்கறை எங்கே படிந்திருக்கிறது என்பதை அவர் எடுத்துக் காட்டுவார். அதற்குப் பிறகு கருவி வாங்குங்கள்.

செலவு மிச்சமாகும் என்பதை நம்பி இறங்காதீர்கள். ஒரு தோட்டாவின் அடக்கவிலை குறையும், உண்மை. ஆனால் 2020ஐ ஒட்டி வந்த தட்டுப்பாட்டில் ப்ரைமர் விலை ஏறியபோது பலருடைய கணக்கு தலைகீழானது. கை சும்மா இருக்காமல் அதிகம் சுடவும் தொடங்குவீர்கள். இந்த வேலையில் கிடைக்கும் நிதானம் பிடித்திருந்தால் செய்யுங்கள், பணத்துக்காக மட்டும் என்றால் கடைத் தோட்டாவே மேல்.

மனைவியின் தயக்கத்தை நான் மதிக்கிறேன், நீங்களும் மதிக்கவேண்டும். அவருடைய அச்சத்தில் வெடிப்பைவிட உண்மையான ஒரு விஷயம் இருக்கிறது: ஈயம். ப்ரைமர் எரியும்போது வரும் ஈயம் காலிக் கூட்டின் உள்ளே ஒட்டியிருக்கும். கூடுகளைப் பொடியில் போட்டுச் சுழற்றிச் சுத்தம் செய்யும்போது அது தூசியாகப் பறக்கும். குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று மருத்துவம் எந்த அளவையும் ஏற்பதில்லை. ஆகவே அந்த வேலை வீட்டுக்குள் வேண்டாம். கராஜில்கூட மூடி போட்டு, முடிந்தால் தண்ணீர் முறையில் செய்யுங்கள். சுடுதளத்துக்குப் போட்ட செருப்பு வாசலோடு நிற்கட்டும். கையைக் கழுவாமல் பையனைத் தூக்காதீர்கள். வருடம் ஒருமுறை உங்கள் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். சமையலறை மேசையில் கற்ற அந்தக் காலத்துக்காரர்களை இந்த ஒன்றில் மட்டும் பின்பற்றாதீர்கள்.

சேமிப்புக்கும் வரையறை உண்டு. என்எஃப்பிஏ 495 என்ற தீப்பாதுகாப்பு விதி வீட்டில் 20 பவுண்டு வரை புகையில்லா மருந்தும் 10,000 ப்ரைமரும் வைக்கலாம் என்கிறது. தொடங்குபவருக்கு ஒரு பவுண்டு டப்பா ஒன்றே அதிகம். அது வந்த டப்பாவிலேயே, ப்ரைமரைவிட்டுத் தள்ளி, குளிர்ந்த இடத்தில், பூட்டிய மர அலமாரியில் இருக்கட்டும். கனமான இரும்புப் பெட்டியில் இறுக்கி அடைத்தால் தீப்பிடிக்கும்போது வாயு வெளியேற வழியின்றி வெடிகுண்டாகும். சாவி உங்களிடமும் மனைவியிடமும் மட்டும். வாடகை வீடானால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். உங்கள் ஆசானின் வீட்டுக்கு ஒருமுறை மனைவியையும் அழைத்துப் போங்கள். அவர் மேசையைப் பார்த்தபிறகும் வேண்டாம் என்றால், அந்த வீட்டிலேயே போய் நிரப்பிக்கொண்டு வருவதற்கும் வழி இருக்கிறது.

கடைசியாகச் சட்டம். உங்கள் சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பனைத் தொழிலாகச் செய்தால் தோட்டா உற்பத்தியாளர் உரிமம் வேண்டும், ‘நண்பருக்கு நாலு பெட்டி’ என்று தொடங்கவே தொடங்காதீர்கள். மாநிலம் மாறினால் விதி மாறும். மாசசூசெட்ஸில் காலிக் கூடும் ப்ரைமரும்கூடத் தோட்டா என்ற கணக்கில் வந்து உரிமம் கேட்கும். ஊருக்குப் போகும்போது சுடுதளத்துக்கு எடுத்துப்போகும் பையையோ அங்கே போடும் சட்டையையோ பெட்டியில் வைக்காதீர்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதும் தயாரிப்பதும் குற்றம். சட்டைப்பை மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தாலும் காவல் நிலையம் வரை போகவேண்டியிருக்கும்.

கேள்வி: டெக்சாஸ், ஆஸ்டினில் இருக்கிறேன், ஹெச்-1பி விசா. பக்கத்து வீட்டுப் பெரியவர் தோட்டா நிரப்புபவர், சொல்லித்தரத் தயாராக இருக்கிறார். துப்பாக்கி என்னிடம் இல்லை. கற்றுக்கொள்வதில் தவறில்லையே?

பதில்: தவறாகிவிடக்கூடும், எனவே அவர் மேசைக்குப் போகும் முன்பே கேட்டது நல்லது. மேலே ஓஹியோ வாசகருக்கு நான் சொன்னவை கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கானவை. ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் கண்ணில் ப்ரைமரும் மருந்தும் குண்டும் காலிக் கூடும் தனித்தனியாகவே தோட்டாதான். ஆகவே துப்பாக்கி இல்லை என்பது உங்களைக் காப்பாற்றாது. அவர் மேசையில் ஒரு ப்ரைமர் தட்டைக் கையில் வாங்குவதும் கேள்விக்குரியதாகும். சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கி எடுப்பதும் அப்படியே. தற்காலிக விசாவில் இருப்பவருக்கு இது அபராதத்தோடு போகிற விஷயமல்ல.

விதிவிலக்குகள் உண்டு. நம்மவர்களுக்கு உதவக்கூடியது, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது. டெக்சாஸில் வேட்டைப் பாதுகாப்புப் படிப்பை முடித்து உரிமம் எடுக்கலாம். எடுத்தபிறகும் குடியேற்றச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் உங்கள் தாள்களைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மேசைக்குப் போங்கள். உங்கள் மனைவி ஹெச்-4இல் இருந்து அவரும் உடன் உட்கார விரும்பினால் அவருக்குத் தனி உரிமம் வேண்டும். டெக்சாஸ் வேட்டை உரிமம் எந்த மாதத்தில் வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். செப்டம்பர் 1 காலையில் புதியது கையில் இல்லையென்றால், புதுப்பிக்கும்வரை அந்த மேசைப் பக்கம் போகவேண்டாம்.